மதலைமேரியின் நிறம்

ஜனவரி 7, புதன்

என் பெயர் அருளப்பன். வயது அறுபத்தொன்பது. இதை எழுதுவது நான்தான். இந்த மூன்று வாக்கியத்துக்குக் கால் மணி நேரம் ஆனது. பெயருக்கு மட்டும் பதினொரு நிமிஷம். யாரும் கையைப் பிடித்துக் கொடுக்கவில்லை.

டைரி தனபாக்கியம் டீச்சர் கொடுத்தது. ஏதோ ஜவுளிக்கடை டைரி. எங்கள் பாலக்கரைக் கோயில் மண்டபத்தில் சாயங்காலம் நடக்கும் எழுத்தறிவு வகுப்பில் நாங்கள் பதினாலு பேர் படிக்கிறோம். டீச்சர் என் மகளைவிட இளையவள். “தினமும் ஒரு வரியாவது எழுதுங்கய்யா. நான் படிக்க மாட்டேன். பக்கம் நிரம்பியிருக்கான்னு மட்டும் பார்ப்பேன்” என்றாள்.

நான் நாற்பத்தைந்து வருஷம் பெயின்டர் வேலை பார்த்தவன். திருச்சியில் நான் வெள்ளையடிக்காத தெரு இல்லை. சுவரில் எழுதியிருப்பதையெல்லாம் மூடித்தான் அடிப்போம். என்ன எழுதியிருந்தது என்று ஒரு நாளும் தெரிந்ததில்லை. இப்போது தெரிகிறது. பாலத்துக்குப் பக்கத்துச் சுவரில் ‘இங்கு சிறுநீர் கழிக்காதீர்’ என்று இருக்கிறது. இத்தனை வருஷம் அதைக் கட்சி விளம்பரம் என்று நினைத்து அங்கேயேதான் ஒதுங்கினேன்.

ஜனவரி 8

பால் பாக்கெட்டில் இருப்பது முழுவதையும் படித்து முடித்தேன். அதற்குள் பால் பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

ஜனவரி 11, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது ஜெசிந்தா வந்திருந்தாள். என் ஒரே மகள். துவாக்குடியில் இருக்கிறாள். கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகிறது. மாப்பிள்ளை அமலதாஸ் அங்கே டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். நான் பார்த்து முடித்த சம்பந்தம். ஜெசிந்தா சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில், மேக்கப் சாமான் கவுன்டரில் நிற்கிறாள்.

சங்கரா மீன் வாங்கியிருந்தேன். அவள் செதில் உரசிக்கொண்டே கடைக் கதை சொன்னாள். ஒரே பவுண்டேஷனை ஒருத்தி கொஞ்சுகிறாளாம், ஒருத்தி குப்பை என்று தூக்கிப் போடுகிறாளாம்.

“சாமான் அதேதான்ப்பா. எதுக்கு வாங்க வர்றாங்கறதுலதான் இருக்கு. கண்ணாடியைப் பார்த்து வாங்கறவ மறுநாளே மாத்த வந்துடுவா. பக்கத்துல நிக்கற புருஷன் மூஞ்சியைப் பார்த்து வாங்கறவ மாத்த வர மாட்டா, ஆனா மறுபடி அந்தக் கம்பெனிப் பக்கமே போக மாட்டா.”

“அவ்வளவுதானா?”

“இன்னொரு ரகம் இருக்கு. கையில தடவிப் பார்க்க மாட்டா. தாடையில தடவிட்டு, வெளியே வெயில்ல போய் நின்னு செல்போன்ல பார்ப்பா. வேர்த்தா போயிருமா, அழுதா போயிருமான்னு கேப்பா. அவகிட்ட நான் ஒண்ணுமே பேசறதில்ல. இருக்கறதிலேயே கெட்டியானதை எடுத்துக் கொடுத்துடுவேன். அந்த ஒரு சாமானை அவ சாகற வரைக்கும் விட மாட்டா.”

“அவ்வளவு பிடிச்சுப் போயிருக்கும்” என்றேன்.

“பிடிக்குதா இல்லையான்னு அவளை யாருப்பா கேட்டா?”

அவள் முகத்தைப் பார்த்தேன். பெயின்டர் கண் சும்மா இருக்காது. வலது கன்னத்தில் ஒரு கோட். இடது கன்னத்தில் இரண்டு கோட், அதற்குக் கீழே, சுவர்க் குழியை அடைப்பது போல, பட்டியும் பார்த்திருந்தாள். ஓரம் சரியாகத் தேய்த்துவிடவில்லை. காதுக்குப் பக்கத்தில் கோடு தெரிந்தது. “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி பூசணும்மா” என்று சொல்லிக்கொடுத்தேன்.

“சரிங்க மேஸ்திரி” என்றாள்.

குழம்பில் புளி கொஞ்சம் தூக்கல்.

ஜனவரி 13, செவ்வாய்

வீட்டில் ஒருவரைப் பற்றி எழுதச் சொன்னாள் டீச்சர். இது வகுப்புக்கு. முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

என் மனைவி பெயர் மதலைமேரி. நாலு வருஷம் முன்னால் இறந்தாள். முப்பத்தெட்டு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தினாள். அவளுக்கு முகத்தில் பூசிக்கொள்வது ரொம்பப் பிடிக்கும். பவுடர் இல்லை, பேன்கேக். நாடகக்காரர்கள் ஈரப் பஞ்சால் தொட்டுப் பூசுவார்களே, அது. முதல் டப்பாவை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். கடையில் நிறம் நிறமாக வைத்திருப்பார்கள், நம் நிறம் மட்டும் இருக்காது. அதனால் நான் ஒரு வேலை செய்தேன். அவள் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி அட்டையை வைத்தேன். டிஸ்டம்பரில் காவியும் மஞ்சளும் சொட்டுச் சொட்டாக விட்டு, அட்டைக்கும் தோலுக்கும் வித்தியாசம் தெரியாத வரைக்கும் கலக்கினேன். அந்த அட்டையோடு பெரிய கடைவீதியில் நாடகச் சாமான் கடைக்குப் போய், இரண்டு டப்பா வாங்கிக் கலந்து கொடுத்தேன். பூசினால் பூசியதே தெரியாது. கடைக்காரரே அசந்துவிட்டார்.

அதைப் பூசாமல் அவள் பூசைக்கு வந்ததில்லை. தெருவில் அவளைச் சினிமாக்காரி என்பார்கள். ஒரு டப்பா மூன்று மாதம் வரும். பொங்கல் சீசனில் எனக்கு வேலை அதிகம், கூலியும் தினமும் கையில் வரும். அப்போது மட்டும் ஒரே மாதத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்துவிட்டது என்று அவள் ஒரு நாளும் வாயால் கேட்டதில்லை. காலி டப்பாவை என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள். நான் மறுநாளே வாங்கி வருவேன். ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

2006இல் நான் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பும் காலும் ஒடிந்தேன். எட்டு மாதம் படுக்கை. எல்லாம் அவள்தான் பார்த்தாள். அந்த வருஷத்திலிருந்து பேன்கேக்கைத் தொடவில்லை. டப்பா காய்ந்து வயல் மாதிரி வெடித்துவிட்டது. ஏன் பூசுவதில்லை என்று கேட்டேன். “இனிமே எதுக்கு” என்றாள். வயசாகிவிட்டது என்று நினைத்திருப்பாள்.

இதை எழுத இரண்டு சாயங்காலம் ஆனது. எனக்கே கண் கலங்கிவிட்டது.

ஜனவரி 15

பொங்கல். ஜெசிந்தா வருவதாகச் சொன்னாள், வரவில்லை. உடம்பு சரியில்லை என்று மாப்பிள்ளைதான் போனில் சொன்னார். கரும்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 19, திங்கள்

ஜெசிந்தாவுக்கு 25ஆம் தேதி பிறந்தநாள். அவளுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று அவள் கடைக்குப் போகாமல் பெரிய கடைவீதிக்குப் போனேன். கடை வாசலில் ஒரு போர்டு. நின்று நிதானமாகப் படித்தேன். ‘தழும்பு, கரும்புள்ளி, கன்றல் எதுவும் தெரியாது. பன்னிரண்டு மணி நேரம் அழியாது.’ என் வாழ்க்கையில் நானே படித்து, நானே முடிவு செய்து வாங்கும் முதல் சாமான்.

“யாருக்குத் தாத்தா?” என்று கேட்டது அங்கிருந்த பெண்.

“மகளுக்கு.”

“அவங்க என்ன கலர்?”

“ஒரு வாளி மஞ்சளுக்கு நாலு கரண்டி காவி, கண்ணுக்குத் தெரியாத அளவு கறுப்பு.”

அந்தப் பெண் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டது. பதினெட்டு நிறம் இருந்தது. ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லி, வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து எடுத்தேன். சந்தேகமே வரவில்லை. பார்த்த உடனே கை அதில்தான் போய் நின்றது.

ஜனவரி 25, ஞாயிறு

ஜெசிந்தா ஒரு பையோடு வந்தாள். இரண்டு நாள் இருக்கப் போகிறேன் என்றாள். டப்பாவைக் கொடுத்தேன். பிரித்து, மேலே எழுதியிருந்ததைப் படித்தாள்.

“இதை வாங்கச் சொல்லி உங்களுக்கு யாரு சொன்னது?”

“யார் சொல்லணும்? போர்டைப் படிச்சேன். உங்கம்மாவுக்கு உசிரு இது.”

“அம்மாவுக்கு இது உசிரா?” சிரித்தாள். நிறுத்தாமல் சிரித்தாள். அப்புறம் மூடியைத் திறந்து விரலால் தொட்டுத் தன் கையில் இழுத்தாள். அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது.

“பாருங்க. தப்பா எடுத்திருக்கீங்க. நான் உங்க கலர்ப்பா. இது அம்மாவோட கலர்.”

பார்த்தேன். தப்புதான். எனக்கு இப்படி நடந்ததே இல்லை.

“நான் இதை விக்கறவ. எனக்கு இது வேணாம்” என்று டப்பாவை அலமாரிமேல் வைத்துவிட்டு வாசல் குழாய்க்குப் போனாள். சோப்புப் போட்டு முகத்தை இரண்டு தடவை கழுவினாள். துடைக்காமல் வாசற்படியில் வந்து நின்றாள்.

“நீங்கதான் பெயின்டர் ஆச்சே. இப்பப் பார்த்து என்ன கலருன்னு சொல்லுங்க.”

காலை பதினொரு மணி.

“வெளிச்சம் பத்தலைம்மா” என்றேன். கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

மத்தியானம் கோழிக் குழம்பு. அவள் ஒரு பக்கமாகவே மென்றாள்.

ஜனவரி 26, திங்கள்

குடியரசு தினம். வகுப்பு இல்லை. ஜெசிந்தா வேலைக்குப் போயிருந்த நேரத்தில் மாப்பிள்ளை ஆப்பிளோடு வந்தார்.

“கோவத்துல கிளம்பி வந்துட்டா மாமா. சம்பளத்தை அவ பேருல தனியாப் போட்டுக்கறாளாம். கேட்டா எகிறுறா. வீட்டுக்கு வீடு நடக்கறதுதானே.”

“நடக்கறதுதான்.”

“நீங்க ஒரு வார்த்தை சொன்னாக் கேப்பா. நீங்களும் குடும்பம் நடத்தின ஆம்பளை. உங்க தெருவுல விசாரிச்சுட்டுத்தானே பொண்ணு எடுத்தோம்? அத்தை முப்பத்தெட்டு வருஷம் வாயைத் திறக்காம உங்ககூட இருக்கலையா? அந்த வளர்ப்பு இருக்கும்னு நம்பித்தான் எங்கம்மா சரின்னாங்க.”

மரியாதையான பையன். பேசும்போது உட்காரக்கூட இல்லை. ஆப்பிள் நல்ல ஆப்பிள்.

ஜனவரி 27

தீப்பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்’ என்று இருக்கிறது. கண்ணாடி போடாமலே படித்துவிட்டேன்.

ஜனவரி 28, புதன்

ஜெசிந்தாவைத் துவாக்குடியில் கொண்டுபோய் விட்டேன். வாதம் செய்யவில்லை. ஒரு தடவைதான் பேசினாள்.

“உங்கம்மா இருந்திருந்தாலும் போன்னுதான் சொல்லியிருப்பா” என்று நான் சொன்னதற்கு, பையில் துணியை வைத்துக்கொண்டே சொன்னாள்:

“அம்மாவுக்குக் கை நடுங்கும்ப்பா. ஞாயித்துக்கிழமை காலையில நான்தான் பூசிவிடுவேன். பத்து வயசுல ஆரம்பிச்சது. நீலத்துமேல அப்படியே பூசினா சாம்பலாத் தெரியும். முதல்ல கொஞ்சம் குங்குமத்தைத் தேங்காயெண்ணெயில குழைச்சு ஒத்தணும். பச்சையா மாறினதும் குங்குமத்தைக் குறைக்கணும். மஞ்சளாயிட்டா ஒண்ணுமே வேணாம், டப்பாவே போதும். இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரலை. கடையில வேலைக்குச் சேர்ந்தப்ப முதலாளியம்மா, எங்கே கோர்ஸ் படிச்சேன்னு கேட்டாங்க. பாலக்கரைல படிச்சேன்னு சொன்னேன்.”

பஸ் வந்துவிட்டது. தூரத்திலேயே போர்டைப் படித்துவிட்டேன். வழக்கமாக நாலு பேரைக் கேட்பேன். இன்று ‘துவாக்குடி’ என்று நானே சத்தமாகச் சொல்லி ஏறச் சொன்னேன். கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

மாப்பிள்ளை வாசலிலேயே நின்று பையை வாங்கிக்கொண்டார். அவர் அம்மா காபி கொடுத்தார்.

ஜனவரி 29

ஒன்றும் விசேஷமில்லை.

ஜனவரி 30

ஒன்றும் விசேஷமில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

மதலைமேரியைப் பற்றி எழுதியதை வகுப்பில் உரக்கப் படித்தேன். எங்கும் தடுமாறவில்லை. தீப்பெட்டி அட்டை இடத்தில் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இப்படி ஒரு கணவர் எல்லாருக்கும் கிடைக்க மாட்டாங்கய்யா” என்றாள். 22ஆம் தேதி ஆண்டு விழா. பங்குச் சாமியாரும் பெரிய அதிகாரிகளும் வருகிறார்கள். மேடையில் நான் இதைப் படிக்க வேண்டுமாம். எல்லாரும் கை தட்டினார்கள். பவுலினம்மா மட்டும் தட்டவில்லை. பழைய லைன் வீட்டில் எங்களுக்குச் சுவர் ஒட்டிக் குடியிருந்தவள். அவளும் என்னோடு படிக்கிறாள்.

வெளியே செருப்புப் போடும்போது சொன்னாள்: “நல்லா எழுதியிருக்கே அருளு. பொங்கல் சீசன்ல டப்பா ஏன் அவ்வளவு சீக்கிரம் தீந்துச்சுங்கறதை மட்டும் விட்டுட்டே.”

“உனக்கு என்ன தெரியும்?”

“உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவுல ஒத்தைக்கல் சுவருதான்யா. வெள்ளையடிச்சவனுக்குத் தெரியாதா?”

அவளுக்கு இன்னும் கொம்பும் காலும் ஒழுங்காக வராது. என்மேல் பொறாமை.

பிப்ரவரி 8

விழாவுக்கு வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தேன். ஜெசிந்தாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தூங்குவாள்.

பிப்ரவரி 11, புதன்

மூன்று நாளாகப் போன் எடுக்கவில்லை என்று அவள் கடைக்குப் போனேன். முதலாளியம்மா என்னைப் பார்த்து, “நீங்கதான் அப்பாவா?” என்றார். உட்காரச் சொல்லவில்லை. “பெரிய ஆஸ்பத்திரியில இருக்கா. ஞாயித்துக்கிழமை சேர்த்தது. உங்களுக்குச் சொல்ல வேணாம்னு எழுதிக் காட்டினா.”

ஏன் எழுதிக் காட்டினாள் என்று போய்ப் பார்த்த பிறகு தெரிந்தது. தாடை எலும்பு உடைந்திருக்கிறது. மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். ஆறு வாரம் வாயைத் திறக்கக்கூடாது. குழாய் வைத்துக் கஞ்சித் தண்ணீர் உறிஞ்சுகிறாள். குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று மாப்பிள்ளை எழுதிக் கொடுத்துச் சேர்த்திருக்கிறார்.

ஜன்னலோரக் கட்டில். முகத்தில் ஒரு பூச்சும் இல்லை. என்னைப் பார்த்ததும் தலைமாட்டிலிருந்த நோட்டை எடுத்து எழுதினாள். நான் வாசிப்பேன் என்று அவளுக்குத் தெரியும். பெரிய பெரிய எழுத்தாகத்தான் எழுதினாள். என் மகள் எழுதி நான் படித்த முதல் வரி இது.

‘இப்ப வெளிச்சம் போதுமா அப்பா?’

பிப்ரவரி 12, வியாழன்

மகளிர் காவல் நிலையத்திலிருந்து எஸ்.ஐ. அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஜெசிந்தா புகார் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

“வழுக்கி விழுந்தான்னு புருஷனும் மாமியாரும் சாதிக்கறாங்க. உள்ளே நடந்ததுக்கு வேற ஆள் இல்ல. முன்னாடி அடிச்ச அடையாளத்தைப் பார்த்தவங்க ஒருத்தர் எழுதிக் கொடுத்தாப் போதும், பிடிச்சுக்கலாம். உங்க மக உங்க பேரைத்தான் எழுதியிருக்கு. ஜனவரி இருபத்தஞ்சாம் தேதி காட்டினேன்னு எழுதியிருக்கு. பார்த்தீங்களா?”

வார்டில் எல்லாரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதும்மா” என்றேன்.

ஜெசிந்தா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். சுவரில் அடியிலிருந்து ஈரம் ஏறியிருந்தது. அதன்மேலேயே பெயின்ட் அடித்திருக்கிறார்கள். உப்பி உதிர்கிறது. ஈரச் சுவர்மேல் எத்தனை கோட் அடித்தாலும் ஒரு மழைக்குத் தாங்காது.

பிப்ரவரி 13, வெள்ளி

மாப்பிள்ளை வந்தார். மறுபடியும் ஆப்பிள். இந்தத் தடவை உட்கார்ந்தார். என் கட்டிலில், என் பக்கத்தில், தோளில் கை போட்டு.

“கேள்விப்பட்டேன் மாமா. நீங்க நம்ம பக்கம்தான்னு எங்கம்மாகிட்ட அடிச்சுச் சொன்னேன். ஒரு ஆம்பளை கஷ்டம் இன்னொரு ஆம்பளைக்குத்தானே தெரியும்.”

கட்டிலில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

“கொஞ்சம் வேகமாப் பட்டுருச்சு, அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியாததா? யாராவது உங்களைக் கிளப்பிவிட்டா அசையாதீங்க. அப்புறம் நானும் உங்க பழைய தெருவுல நாலு பேரைக் கூட்டிட்டு வர வேண்டியிருக்கும். உங்களுக்கு இப்ப மேடையெல்லாம் ஏற்பாடு ஆகியிருக்காமே. எதுக்கு அசிங்கம்?”

எழுந்து போகும்போது அலமாரிமேல் இருந்த டப்பாவைப் பார்த்தார். கையில் எடுத்து, “யாருக்கு மாமா?” என்றார்.

“ஜெசிந்தாவுக்கு வாங்கினது. வேண்டாம்னுட்டா.”

“கொடுங்க. கட்டு பிரிச்சதும் தேவைப்படும்” என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். 1988இல், நாடகச் சாமான் கடையில் தீப்பெட்டி அட்டையை நீட்டினேனே, அப்போது எதிரில் பெரிய கண்ணாடி இருந்தது.

டப்பாவை அவர் கையிலிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். போகச் சொன்னேன். ஆப்பிளையும் எடுத்துப் போகச் சொன்னேன்.

பிப்ரவரி 14, சனி

காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். முடிக்கும்போது பத்தரை. நாலு தாளைக் கிழித்தேன். ஐந்தாவது தாளில் எழுதியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

‘நான் அருளப்பன். ஜெசிந்தாவின் தகப்பன். ஜனவரி 25 காலை பதினொரு மணிக்கு என் மகள் முகத்தைக் கழுவிவிட்டு என் வீட்டு வாசலில் நின்றாள். நல்ல வெயில். இடது கண்ணுக்குக் கீழே ஒரு விரல் நீளம் கன்றியிருந்தது. நடுவில் நீலம், ஓரத்தில் பச்சை. நாலைந்து நாள் ஆனது. காதுக்குக் கீழே இன்னொன்று. அது மஞ்சள், அதைவிடப் பழையது. வழுக்கி விழுந்தால் எல்லாம் ஒரே நாள் நிறத்தில் இருக்கும். இவை வேறு வேறு நாளில் பட்டவை. என் கண் நன்றாகத் தெரியும். முந்தாநாள் தெரியாது என்று சொன்னது பொய். ஜனவரி 28 அன்று அவளை அந்த வீட்டில் திரும்பக் கொண்டுபோய் விட்டதும் நான்தான்.

இந்த நிறங்கள் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் மனைவி மதலைமேரியை நான் சில தடவை அடித்திருக்கிறேன்.’

கடைசி வரியில் கடினமான எழுத்து ஒன்றுமில்லை. எல்லாம் முதல் மாதத்தில் படித்தவை. அதற்குத்தான் ஒரு மணி நேரம் ஆனது.

வருஷத்துக்கு ஒரு தடவை தவக்காலத்தில் சாமியாரிடம் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். பரிகாரமாக ‘அருள் நிறைந்த மரியே’ ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொல்வார். சொல்லிவிடுவேன். எழுந்துவிடுவேன். பக்கத்தில் மதலைமேரியும் முழங்காலில் இருப்பாள், நான் எடுத்துக் கொடுத்த நிறத்தில்.

வகுப்புக்குப் போய், விழாவில் படிக்க மாட்டேன் என்று டீச்சரிடம் சொன்னேன்.

“ஏன்யா? எவ்வளவு அழகான கட்டுரை!”

“ஒரு பத்தி விட்டுப்போச்சும்மா.”

“அதுக்கென்ன, சேர்த்துக்கலாம்” என்றாள். அவளிடம் அதற்குமேல் சொல்ல முடியவில்லை. பவுலினம்மா சிலேட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அது அவள் வழக்கம் இல்லை.

பிப்ரவரி 16, திங்கள்

எஸ்.ஐ. அம்மா ஆஸ்பத்திரிக்கே வந்தார். தாளைக் கொடுத்தேன். “சொல்லுங்க, நான் எழுதிக்கறேன், கைநாட்டு வைங்கன்னு சொல்ல வந்தேன். நீங்களே எழுதிட்டீங்களா பெருசு?” என்றார். முகமெல்லாம் சிரிப்பு. படிக்கப் படிக்கச் சிரிப்பு போய்விட்டது.

“இந்தக் கடைசி வரி கேசுக்குத் தேவையில்லையே. எடுத்துடலாம்.”

“இருக்கட்டும்மா. எனக்கு எப்படித் தெரியும்னு அவன் வக்கீல் கேப்பான்.”

அவர் என்னைப் பெருசு என்று அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. தாளை ஜெசிந்தாவிடம் நீட்டினார்.

ஜெசிந்தா மெதுவாகப் படித்தாள். நான் வகுப்பில் படிக்கிற மாதிரி, வரிக்கு வரி விரல் வைத்து. முகத்தில் வீக்கம் இறங்கிக்கொண்டிருக்கிறது. தாடையில் நீலம் போய்ப் பச்சை வந்துவிட்டது. இன்னும் நாலு நாளில் மஞ்சள். படித்து முடித்ததும் அழுவாள் என்று நினைத்தேன். என்னைப் பார்ப்பாள் என்றும் நினைத்தேன். ஏதாவது ஒன்று.

பேனாவைக் கேட்டு வாங்கினாள். கடைசி வரியில் ‘சில தடவை’ என்பதன்மேல் ஒரு கோடு போட்டாள். மேலே ‘பத்தொன்பது வருஷம்’ என்று எழுதினாள். என் எழுத்துக்குப் பக்கத்தில் அவள் எழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது.

பிறகு தன் நோட்டில் எழுதிக் காட்டினாள். ‘கடை முதலாளியம்மா வீட்டுக்குப் போறேன். நீங்க வர வேணாம்.’

சரி என்று தலையாட்டினேன்.

“மாத்தின இடத்துல நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்” என்றார் எஸ்.ஐ. அம்மா. “இல்லாட்டி செல்லாது.”

தாளை வாங்கினேன். ஜன்னல் வழியாக நேராக வெயில் விழுந்தது. எந்த இடத்தில் போட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. இருந்தாலும் ஜெசிந்தா விரல் வைத்துக் காட்டினாள். போட்டேன்.